போலி உள்ளே, கைவேலை வெளியே

பிள்ளைகளுக்குப் போட்டி வைப்பது எதற்காக? யாருக்கு மூளை வேலை செய்கிறது என்று பார்க்கவா, யார் அப்பாவின் சட்டைப்பை கனமாக இருக்கிறது என்று பார்க்கவா? ஓட்டப்பந்தயம் வைத்தால் ஓடத் தெரிந்தவன் ஜெயிக்கிறான். கேரம் வைத்தால் கை நிதானம் உள்ளவன் ஜெயிக்கிறான். ஆனால் இந்தக் கோடையில் நம் விருத்தாசலத்தில் நான் போய்ப் பார்த்த கார்டுப் போட்டியில், பிள்ளை மேஜையில் உட்காருவதற்கு முன்பே பாதி முடிவு தெரிந்துவிட்டது. அது சரியில்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும்.

கார்டு என்றதும் மூணு சீட்டு, ரம்மி என்று நினைத்து முகம் சுளிக்க வேண்டாம். நான் சொல்வது போக்கிமான் கார்டு. நம் வயதுக்காரர்கள் பலருக்கு இது என்னவென்றே தெரியாது. ஆகையால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். 1996ல் ஜப்பானில் வந்த ஆட்டம் இது. இரண்டு பேர் ஆட வேண்டும். ஆளுக்கு 60 சீட்டு. சீட்டில் ஏதோ ஒரு விசித்திரப் பிராணியின் படம், அதற்கு இவ்வளவு உயிர்ப்புள்ளி, இப்படித் தாக்கினால் எதிரிக்கு இவ்வளவு சேதம் என்று எண்கள். தாக்குவதற்குச் சக்தி வேண்டும். அதற்குத் தனியாக எனர்ஜிச் சீட்டுகள். எதிரியின் பிராணியை வீழ்த்தினால், தன் முன்னால் கவிழ்த்து வைத்த ஆறு பரிசுச் சீட்டில் ஒன்றை எடுக்கலாம். ஆறையும் முதலில் எடுத்தவர் ஜெயித்தார்.

ஒரே பெயருள்ள சீட்டு நாலுக்கு மேல் ஒரு கட்டில் இருக்கக் கூடாது. சாதாரண எனர்ஜிச் சீட்டுக்கு மட்டும் அந்தக் கணக்கு இல்லை. ஆகவே ஆட்டத்தில் பாதி, ஆடுவதற்கு முன்பே நடக்கிறது. எந்த 60 சீட்டு? பிராணி எத்தனை, எனர்ஜி எத்தனை? பிராணி கூடிப்போனால் சக்தி வராது. சக்தி கூடிப்போனால் தாக்க ஆள் இருக்காது. நான் இதை உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். சதுரங்கத்தில் கொஞ்சம், ரம்மியில் கொஞ்சம், மாதக் கடைசியில் குடும்பக் கணக்குப் போடுவதில் கொஞ்சம் கலந்தால் இந்த ஆட்டம். பிள்ளைகளுக்கு இது கெடுதல் என்று சொல்பவரோடு எனக்கு உடன்பாடு இல்லை.

கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தச் சீட்டுகளை மூடிய பாக்கெட்டில் விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரிக்கும் வரை தெரியாது. நல்ல சீட்டு எப்போதாவது வரும். மற்றதெல்லாம் ஏற்கெனவே கையில் இருப்பதாகவே வரும். உடனே இன்னொரு பாக்கெட். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டுக்குத் தடை வந்தபோது, எத்தனையோ குடும்பம் பிழைத்தது என்று நாமெல்லாம் சந்தோஷப்பட்டோம். அதே சுரண்டிப் பார்க்கும் ஆசையைப் படம் போட்டுப் பளபளப்பாகப் பேரனுக்கு விற்றால் மட்டும் நமக்கு உறைப்பதில்லை. தொண்ணூறுகளில் நம் பிள்ளைகள் வைத்திருந்த மல்யுத்த வீரர் டிரம்ப் கார்டுகூட இப்படி இல்லை. ஒரு பெட்டி வாங்கினால் முழுக் கட்டும் அதில் இருந்தது. தெருவில் ஒருவன் வாங்கினால் நாலு பேர் ஆடினார்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. சின்னப் பிள்ளைகள் சமாசாரம், நடத்தியவர்களும் இளைஞர்கள்.

எங்கள் தெருவில் ஆறாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன். அப்பாவுக்கு செராமிக் பட்டறை ஒன்றில் சூளை வேலை. மாலையில் கணக்குப் பாடத்துக்கு என்னிடம் வருவான். கூடப் படிக்கும் பிள்ளைகளின் கார்டுகளை வாங்கிப் பார்த்து, என் செல்போனிலும் தேடிப் பார்த்து, மூன்று வாரம் உட்கார்ந்து 60 சீட்டையும் அவனே வரைந்தான். எங்கள் வீட்டில் சேர்ந்து கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகள்தான் அட்டை. ஒரு பழைய சீட்டை வைத்து அளவெடுத்து வெட்டினான். ஸ்கெட்ச் பேனாவில் படம், பால்பாயின்ட் பேனாவில் எண். தாக்குதல் பெயரையெல்லாம் தமிழிலேயே எழுதினான். பின்பக்கம் யாருக்கும் தெரியாதபடி எல்லாவற்றையும் ஒரே நிற பிளாஸ்டிக் உறையில் போட்டான். உறைக்கு மட்டும்தான் செலவு.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சின்ன ஹாலில் போட்டி. நுழைவுக் கட்டணம் 100 ரூபாய். கட்டிவிட்டு உள்ளே போனோம். மேஜையில் கட்டைப் பார்த்ததும் நடத்துகிற தம்பி சொன்னார்: "சார், ஒரிஜினல் கார்டு மட்டும்தான் அலவுட். இது செல்லாது. பணத்தைத் திருப்பித் தந்துடறோம். பையன் வேணும்னா வேடிக்கை பார்க்கட்டும்."

பையன் என்னைப் பார்த்து, "தாத்தா, நான் ஒண்ணும் ஏமாத்தல. நம்பர்லாம் பாத்து பாத்துதான் எழுதுனேன்" என்றான்.

விதி என்றால் விதிதான். நானும் விதிகளோடு முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். ஆனால் அந்த ஹாலை ஒரு சுற்று சுற்றி வந்தேன். மேஜைக்கு மேஜை தங்க நிறத்தில் பிளாஸ்டிக் கார்டுகள்! பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குமே, அதே சரக்கு. எழுத்துப் பிழை, மங்கிய படம். உண்மையான சீட்டில் மூன்று இலக்கத்தைத் தாண்டாத உயிர்ப்புள்ளி சிலவற்றில் நாலு இலக்கத்தில் போட்டிருக்கிறது. அச்சான அச்சு எல்லாம் போலி. அவற்றை யாரும் நிறுத்தவில்லை. பளபளவென்று இருந்தால் அசல், பேனாவில் எழுதியிருந்தால் செல்லாது. இதுதான் அங்கே நடந்த பரிசோதனை.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கதை சொல்லித் தர வேண்டியதில்லை. சுந்தரர் இங்கே திருமுதுகுன்றத்தில் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். போடுவதற்கு முன் மச்சம் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார். அங்கே போய் மாற்று உரைத்துப் பார்த்தார். ஆண்டவன் கொடுத்த பொன்னுக்கே உரைகல் கேட்ட ஊர் இது. மாற்று உரைக்கத் தெரியாதவர்கள் பொன் மட்டுமே செல்லும் என்று பலகை வைக்கக் கூடாது.

போலிக்கும் கைப்பிரதிக்கும் உள்ள வித்தியாசம் என்ன? போலி, தன்னை அசல் என்று சொல்லிக்கொள்கிறது, விலைக்குப் போகிறது, வாங்குகிறவனை ஏமாற்றுகிறது. பையன் வரைந்த சீட்டு எந்த இடத்திலும் தன்னை அசல் என்று சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் பூச்சு ஓரத்தில் தெரிகிறது. அது யாரை ஏமாற்றும்?

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். நம் காலத்தில் சான்றிதழின் அசலை எல்லா இடத்துக்கும் அனுப்பினோமா? உட்கார்ந்து கையால் எழுதினோம், அல்லது தட்டச்சு செய்தோம். மேலே 'உண்மை நகல்' என்று போட்டு, கெஜட்டட் அதிகாரியிடம் போய்க் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினோம். அந்தக் காகிதத்தை வைத்து வேலை கிடைத்தது, பென்ஷன் கிடைத்தது. தாளின் விலை பைசாக் கணக்கு. அதில் எழுதியிருப்பது சரி என்று பொறுப்புள்ள ஒருவர் சொன்னதுதான் அதன் மதிப்பு. பிறகு சுயசான்றொப்பமே போதும் என்றும் வந்துவிட்டது. இந்திய அரசாங்கம் ஒப்புக்கொள்கிற நகலை, ஒரு ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடத்துகிற போட்டி ஒப்புக்கொள்ளாதாம்!

"கம்பெனியே கையால் செய்ததை அனுமதிப்பதில்லை" என்று அந்தத் தம்பி சொன்னார். உண்மைதான். கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் கைப்பிரதி செல்லாது. ஆட்டத்தின் நடுவே ஒரு சீட்டு சேதமானால் நடுவர் மட்டும் மாற்றுச் சீட்டு எழுதிக் கொடுக்கலாம். அதாவது, பேனாவில் எழுதிய சீட்டை வைத்து ஆட முடியும் என்பதை அவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். சீட்டு விற்கிறவன் தன் போட்டியில் தன் சரக்குத்தான் வேண்டும் என்பது அவன் வியாபாரம். அவன் உரிமை, நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் நம் ஊர் ஹால் அவனுடையதா? அவன் பரிசு தருகிறானா? அவன் கேட்காத காவலை நாம் எதற்குச் செய்ய வேண்டும்?

அந்தக் கம்பெனிகளின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது 1993ல் அமெரிக்காவில் வந்த 'மேஜிக்'. அதைக் கண்டுபிடித்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் அப்போது கணிதத்தில் ஆராய்ச்சி மாணவர். ஆட்டம் கடைக்கு வருவதற்கு முன் அவரும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து நண்பர்களும் ஆடிப் பார்த்ததெல்லாம் காகிதத்தில் தாங்களே வெட்டிச் செய்த சீட்டுகளில்தான். கைச்சீட்டில் பிறந்த ஆட்டம்! அதே ஆட்டத்தின் முப்பதாவது ஆண்டு என்று 2022ல் கம்பெனி ஒரு தொகுப்பு வெளியிட்டது. நாலு பாக்கெட், மொத்தம் 60 சீட்டு, விலை 999 டாலர். அன்றைய கணக்கில் 80 ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு சீட்டு ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல் விழுகிறது. அந்தச் சீட்டுகள் போட்டிகளில் செல்லாது என்று கம்பெனியே சொல்லி விற்றது. செல்லாத சீட்டை அவர்கள் விற்றால் நினைவுப் பொருள், நம் பையன் வரைந்தால் குற்றம்.

இன்னொன்று. போக்கிமானில் மிக அதிக விலைக்குப் போன சீட்டுகளில் ஒன்று 'பிக்காச்சு இல்லஸ்ட்ரேட்டர்'. 2021ல் அதில் ஒரு பிரதியை ஓர் அமெரிக்கர் 52 லட்சத்து 75 ஆயிரம் டாலர் மதிப்பில் வாங்கினார். கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அந்தச் சீட்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1997, 98ல் ஜப்பானில் கோரோகோரோ என்ற சிறுவர் பத்திரிகை படம் வரையும் போட்டி நடத்தியது. கார்டுப் படத்தைக் கையால் வரைந்து அனுப்பி ஜெயித்தவர்களுக்குக் கொடுத்த பரிசுதான் அது. கோடிக்கணக்கில் போகும் சீட்டின் ஆதியே கையால் வரைந்தவருக்குக் கொடுத்த மரியாதை. நாம் அந்த மரியாதையை 100 ரூபாயோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்து அனுப்பினோம்.

நம் நாட்டில் சீட்டு என்பதே கைவேலைதான். கஞ்சிஃபா என்று வட்டமான சீட்டுகள் உண்டு. பாபர் 1527ல் சிந்துவில் இருந்த நண்பருக்கு அனுப்பியதாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். வங்காளத்தில் விஷ்ணுபூரில் தசாவதாரச் சீட்டு இன்றும் செய்கிறார்கள். துணியைப் புளியங்கொட்டைப் பசையில் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்து, வட்டமாக வெட்டி, படம் எழுதுவார்கள். அவதாரத்துக்குப் 12 வீதம் 120 சீட்டு. அதை ஆடிய ராஜாக்கள் யாரும் 'அச்சடித்தது மட்டும்தான் செல்லும்' என்று சொல்லவில்லை.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அந்தப் பள்ளிகளில் ஒரு வழக்கம். பாடம் சரியாக ஒப்பித்தால், கையெழுத்து சுத்தமாக இருந்தால், வாத்தியார் ஒரு சின்னச் சீட்டுக் கொடுப்பார். 'போன் ப்வேன்' என்று பெயர். நல்ல புள்ளி என்று அர்த்தம். பத்து சேர்த்தால் ஒரு படச் சீட்டு. கவர்னர் வீட்டுப் பிள்ளைக்கும் குமாஸ்தா வீட்டுப் பிள்ளைக்கும் அதே பத்துதான். கடையில் கிடைக்காது. கிடைத்திருந்தால் அதற்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? பள்ளிக்கு வெளியே நாங்கள் ஆடியது சிகரெட் அட்டை. சார்மினார் அட்டைக்கு மதிப்புக் குறைவு, எங்கும் கிடைக்கும். அபூர்வமான அட்டைக்கு மதிப்பு அதிகம். அந்த மதிப்பை நாங்களே தெருவில் கூடி நிர்ணயித்தோம். குப்பையில் பொறுக்கியதுதான் என்றாலும் எல்லாருக்கும் அதே குப்பைமேடுதான்.

பிரெஞ்சுச் சரித்திரத்திலும் ஒரு சம்பவம் உண்டு. 1685ல் கனடாவில் பிரெஞ்சுக் குடியேற்றத்துக்குப் பணம் ஏற்றிய கப்பல் வந்து சேரவில்லை. சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. நிர்வாகி ழாக் தெ மெல் என்பவர் விளையாட்டுச் சீட்டுகளை எடுத்து, அதில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டு விநியோகித்தார். கடைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். கப்பல் வந்ததும் பணம் கொடுத்துச் சீட்டைத் திரும்பப் பெற்றார். ஒரு காலனியே பேனாவில் எழுதிய சீட்டை நம்பி அரிசி பருப்பு வாங்கிய மாதிரிதான்.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றை ஒதுக்கித் தள்ளக் கூடாது. "ஆளாளுக்கு வரைந்துகொண்டு வந்தால் எல்லாருமே பெரிய சீட்டாகத்தானே வரைவார்கள்?" என்கிறார் ஒரு நண்பர். வரையட்டுமே! அப்போதுதான் எல்லாரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். நாலுக்கு மேல் கூடாது என்ற விதி அப்படியே இருக்கிறது. பெரிய சீட்டாக அடுக்கினால் மட்டும் ஜெயிக்க முடியாது. "எண்ணை மாற்றி எழுதிவிட்டால்?" ஆட்டத்துக்கு முன் நடுவர் சரிபார்க்கட்டும். 60 சீட்டுச் சரிபார்க்கப் பத்து நிமிஷம் ஆகுமா? அதையும் போலிச் சீட்டுக்குச் செய்யாதவர்கள் கைச்சீட்டுக்கு மட்டும் பயப்படுவானேன்? "படம் போட்ட ஓவியருக்கு வயிற்றில் அடிக்கலாமா?" இது மதிக்க வேண்டிய கேள்வி. கைப்பிரதியை விற்றால் அது தப்பு. அதை நானும் எதிர்ப்பேன். ஆனால் பிள்ளை தான் ஆடுவதற்கு வரைந்துகொள்வது, பாடப்புத்தகத்துப் படத்தை நோட்டில் வரைவது போல. ஓவியரின் வயிற்றில் அடிப்பது பெட்டிக்கடைச் சரம். அதை எல்லா மேஜையிலும் விட்டுவிட்டு என்னிடம் ஓவியர் கதை பேசக் கூடாது.

அடுத்த ஞாயிறு எங்கள் மொட்டை மாடியில் பன்னிரண்டு பிள்ளைகளைக் கூட்டினேன். கட்டணம் இல்லை. எல்லாரும் கையால் செய்த சீட்டோடுதான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டோம். காலண்டர் அட்டையில், வேட்டிப் பெட்டி அட்டையில், பரீட்சை அட்டையின் கிழிசலில் எல்லாம் செய்துகொண்டு வந்தார்கள். வீட்டில் ஆயிரக்கணக்கில் கார்டு வைத்திருக்கிற பிள்ளையும் வந்தான், உட்கார்ந்து வரைந்துகொண்டு. எங்கள் பையன் இரண்டாவது சுற்றில் தோற்றான். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஜெயித்தாள். "எனர்ஜி கம்மியா வச்சுட்டேன் தாத்தா, இன்னும் நாலு சேக்கணும்" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து கட்டைப் பிரித்துக் கணக்குப் போட ஆரம்பித்தான். தோல்விக்குக் காரணம் அவன் கணக்கிலேயே இருந்தது. அதை அவனே கண்டுபிடித்தான். அந்த ஹாலில் அவனுக்குக் கிடைக்காமல் போனது கோப்பை இல்லை, இப்படித் தோற்கிற வாய்ப்பு.

நம் பழமலைநாதர் கோயிலின் தலமரம் வன்னி. கோயில் திருப்பணி நடந்தபோது விபசித்து முனிவர் வேலை செய்தவர்களுக்கு வன்னி இலையைக் கூலியாகக் கொடுத்தார், அவரவர் செய்த வேலைக்குத் தக்கபடி அது பொன்னாக மாறியது என்று தலபுராணம் சொல்கிறது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே இலை. மதிப்பு உழைப்பிலிருந்து வந்தது. மண்ணைக் குழைத்து அச்சில் வார்த்துச் சூளையில் சுட்டுப் பொம்மையும் அகலும் விற்றுப் பிழைக்கிற ஊர் நம்முடையது. வெறும் களிமண்ணுக்குக் கை வைத்த பிறகுதான் விலை என்பது இங்கே சூளை வேலைக்காரரின் பிள்ளைக்கும் தெரியும். இந்த ஊரில் ஒரு பிள்ளையின் கைவேலையைப் பார்த்துச் 'செல்லாது' என்று சொல்வது நமக்கு அழகா?

அடுத்த கோடையில் யாராவது ஹால் பிடித்தால், ஐந்து விதி போதும். ஒன்று, கையால் செய்த சீட்டும் செல்லும். இரண்டு, எல்லாச் சீட்டும் ஒரே மாதிரி உறையில் இருக்க வேண்டும். மூன்று, எண்களை நடுவர் சரிபார்த்துக் கட்டின் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டும். நாலு, கைச்சீட்டை விற்கவோ, அசல் சீட்டோடு மாற்றிக்கொள்ளவோ கூடாது. ஐந்து, பெட்டிக்கடைப் போலி மேஜைக்கு வரக் கூடாது. சரிபார்க்க ஆள் இல்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து உட்காருகிறேன். அறுபது அறுபதாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதற்கு எனக்குப் பழக்கம் உண்டு. பேட்டா கூட வேண்டாம்.